மாடி யோகா வகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் யோகா வகுப்பு நடத்துகிறேன். ஹால் 400 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வகுப்புக்கு எட்டுப் பேர். சேர நினைப்பவர்கள் போனில் கேட்பதையும், சேர்ந்தபின் தயங்கித் தயங்கிக் கேட்பதையும், தாங்களும் சொல்லிக்கொடுக்க ஆசைப்படும் சிலர் கேட்டதையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். படித்துவிட்டு வந்தால் முதல் நாள் பேச்சு மிச்சம்.

ஏன் எட்டுப் பேர் மட்டும்? பன்னிரண்டு பேர் படுக்க இடம் இருக்கிறதே?

படுக்கலாம். படுத்தும் இருக்கிறார்கள். ஜூன் 21 யோகா தினம் முடிந்த கையோடு ஊரில் எல்லோருக்கும் யோகா ஞாபகம் வரும். அப்படி ஒரு வருடம் ஜூன் கடைசியில் 14 பேரைச் சேர்த்துவிட்டேன். பாயோடு பாய் ஒட்டிக் கிடந்தது. மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு அம்மா, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தத்தில் மூச்சை அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. எழுந்து நின்றதும் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருக்கு பிரஷர் உண்டு என்பதை வகுப்பு முடிந்தபின்தான் சொன்னார். சேரும்போதே கேட்டிருக்க வேண்டியது நான்.

ஒரு பாய் இரண்டடி அகலம், ஆறடிக்குச் சற்றுக் குறைவான நீளம். ஆனால் கையைப் பக்கவாட்டில் விரித்தால் ஆளுக்கு ஐந்தடிக்கு மேல் வேண்டும். தாராளமாக அசைய ஒருவருக்கு 35 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் எட்டுப் பேருக்கே 280 ஆகிறது. மீதியில் நாற்காலிகளும் அலமாரியும் நான் நடக்கிற வழியும்.

இடத்தைவிடப் பெரிய கணக்கு என் கண். தோள் காது வரை ஏறியிருக்கிறதா, பல்லைக் கடிக்கிறாரா, கால் விரல் பாயைப் பிறாண்டுகிறதா, முக்கியமாக மூச்சு ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதை எட்டுப் பேரிடம் பார்க்க முடிகிறது. ஒன்பதாவது ஆள் வந்தால் யாரோ ஒருவர் விட்டுப்போகிறார்.

என் உடம்பு வளையவே வளையாது. நான் வரலாமா?

வாரத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்கிறார்கள். பல் வலிக்கிறவர்தான் பல் டாக்டரிடம் போகிறார், இல்லையா?

உண்மையைச் சொன்னால், வளையாதவரைவிட ரொம்ப வளைகிறவரைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. விறைப்பான உடம்பு ஓர் எல்லையில் தானாக நின்றுவிடும். ரப்பர் மாதிரி வளைகிறவர்கள் தசையை வேலை வாங்காமல் மூட்டிலேயே போய்த் தொங்குவார்கள். பார்க்க அழகாக இருக்கும், சில வருடம் கழித்து இடுப்பும் தோளும் பேச ஆரம்பிக்கும். அவர்களிடம் ‘முழுசாகப் போகாதீர்கள், முக்கால் தூரத்தில் நில்லுங்கள்’ என்று சொல்லிப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

குனிந்து கால் விரலைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. முட்டியை மடக்கிக் குனியுங்கள். போதும்.

வீடியோவில் பார்க்கும் யோகா மாதிரி இல்லையே இது? தாவுவது, குதிப்பது எதுவும் கிடையாதா?

இந்த ஊருக்கும் அந்தக் கேள்விக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. உலகம் முழுக்க இன்று ஜிம்மிலும் போனிலும் பார்க்கிற ஆசன வரிசைகளில் பெரும்பகுதி திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர்கள் வழியாகப் போனவை. 1930களில் மைசூர் அரண்மனை ஆதரவில் அவர் யோகசாலை நடத்தினார். எதிரே இருந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பையன்கள். ஓடியாடுகிற வயது. தாவலும் வேகமும் அந்த உடம்புகளுக்குப் பொருந்தின. அங்கே படித்த பட்டாபி ஜோயிஸ் அந்த ஓட்டத்தை அஷ்டாங்கம் என்று வளர்த்தார். பி.கே.எஸ். ஐயங்கார் கட்டை, கயிறு, நாற்காலி வைத்து நுணுக்கமான நிலைகளாக அமைத்தார். இந்திரா தேவி என்ற பெண்மணி அமெரிக்கா வரை கொண்டுபோனார்.

அதே கிருஷ்ணமாச்சாரியார் 1950களில் சென்னைக்கு வந்தபின் வேறு மாதிரிச் சொல்லிக்கொடுத்தார். வந்தவர்கள் நடுவயதுக்காரர்கள், நோயாளிகள், குடும்பஸ்தர்கள். பெரும்பாலும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அவரவர் உடம்புக்கும் மூச்சுக்கும் தக்கபடி மாற்றிக் கொடுத்தார். அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் இன்ஜினியரிங் படித்தவர். அப்பாவிடம் பாடம் கேட்டு 1976இல் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் என்ற யோகா மையத்தைச் சென்னையில் தொடங்கினார். கிருஷ்ணமாச்சாரியார் 1989இல் காலமானபோது நூறு வயதைத் தாண்டியிருந்தார்.

ஆசிரியர் ஒருவரேதான். எதிரே உட்கார்ந்த ஆள் மாறியதும் பாடம் மாறிவிட்டது. என் மாடிக்கு வருகிறவர்கள் 38லிருந்து 74 வயது வரை. இவர்களை நான் எதற்குத் தாவச் சொல்ல வேண்டும்? இருபது வயதில் ஒருவர் வந்து ‘எனக்கு வேகமாக வேண்டும்’ என்றால், அதற்கு நல்ல இடங்கள் இருக்கின்றன என்று சொல்லி அனுப்பிவைக்கிறேன்.

கவனத்தோடு அசைவது என்கிறீர்களே, அது என்ன புதுசாக?

புதுசு இல்லை. கையைத் தலைக்கு மேலே தூக்குகிறீர்கள் என்று வையுங்கள். முதலில் மூச்சு உள்ளே வரத் தொடங்கும். அதற்குப் பிறகு கை எழும். கை மேலே போய்ச் சேர்ந்தபின்னும் மூச்சு கொஞ்சம் பாக்கி இருக்கும். இறக்கும்போதும் அப்படித்தான். மூச்சு ஒரு பை, அசைவு அதற்குள் வைத்த பொருள். பை கிழியக் கூடாது. இதை ஆறு முறை செய்வோம். மூன்றாவது முறையில் மனசு ‘கேஸை அணைத்தோமா’ என்று போய்விடும். கை மட்டும் தானாக ஏறி இறங்கும், மூச்சு பின்தங்கிவிடும். போனதைக் கண்டுபிடித்துத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதுதான் பயிற்சி.

சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 16 வரை மூச்சு விடுகிறார்கள். வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து செய்யும்போது சிலருக்கு அது ஆறு, ஏழு வரை இறங்கும். இறங்க வைப்பது வெளிமூச்சு. வெளிவிடுவதை நீட்டினால் இதயத் துடிப்பு தணிகிறது.

திருமந்திரம் தெரிந்தவர்கள் ‘பதினாறு மாத்திரை இழுத்து, அறுபத்து நாலு நிறுத்தி, முப்பத்திரண்டில் விட வேண்டுமாமே’ என்று கேட்பார்கள். ஆமாம், திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் அந்த அளவைச் சொல்கிறார். அது வருடக் கணக்காகக் குரு பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு. போன மாதம் சேர்ந்தவருக்கு நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் போதும். நடுவில் நிறுத்தல் கிடையாது. பிரஷர் உள்ளவர்களுக்கு என்றைக்குமே நான் நிறுத்தச் சொல்வதில்லை.

சர்க்கரை, பிரஷர் மாத்திரையை எத்தனை மாதத்தில் நிறுத்தலாம்?

நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். நீங்களாக நிறுத்தினால் வகுப்புக்கு வர வேண்டாம். கடுமையாகத் தெரிந்தால் மன்னிக்கவும். மாத்திரையின் அளவைக் குறைப்பதும் கூட்டுவதும் டாக்டரின் வேலை. ‘21 நாளில் சர்க்கரைக்கு விடுதலை’ என்று போர்டு வைப்பவர்கள்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை இங்கே எழுதினால் பக்கம் நீண்டுவிடும்.

சேரும்போது ஒரு தாள் தருவேன். அதில் எதையும் மறைக்காதீர்கள். கண்ணில் கிளாக்கோமா இருந்தால் தலைகீழ் ஆசனங்கள் கிடையாது, கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். ஹெர்னியா இருந்தால், பிரஷர் கட்டுக்குள் இல்லாவிட்டால், வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி கிடையாது. எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறது (ஆஸ்டியோபோரோசிஸ்) என்று ஸ்கேனில் வந்திருந்தால் முதுகை வளைத்து முன்னால் குனிவதைத் தவிர்ப்போம், முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது முக்கியம். இன்சுலின் போடுகிறவர்கள் காலை ஆறு மணி வகுப்புக்கு வெறும் வயிற்றோடு ஓடி வந்தால் லோ சுகர் ஆகலாம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள், பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். அலமாரி மேல்தட்டில் நானும் ஒரு டப்பா வைத்திருக்கிறேன்.

முட்டி வலி. தரையில் உட்கார முடியாது. சம்மணம் போடாமல் யோகா உண்டா?

உண்டு. நாற்காலியில் உட்காருங்கள். ஆசனம் என்றால் அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்றுதான் பதஞ்சலி சொல்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு போடும் பத்மாசனத்தில் அந்த இரண்டாவது பாதி எங்கே இருக்கிறது?

முட்டி பெரும்பாலும் கதவுக் கீல் மாதிரி, மடங்கும் நிமிரும். சுழலுவது இடுப்பு மூட்டின் வேலை. பத்மாசனத்தில் இடுப்பு சுழல மறுத்தால் அந்தத் திருகு முட்டிக்கு வந்து உள்ளிருக்கும் குருத்தெலும்பை நசுக்கும். அதனால் முட்டியில் சுருக்கென்று வந்தால் அன்றைக்கு அந்த நிலை வேண்டாம். தொடையில் இழுப்பது வேறு, மூட்டுக்குள் குத்துவது வேறு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்துகொள்வதற்கே சிலருக்கு ஒரு மாதம் ஆகும்.

எடை குறையுமா?

இந்த வகுப்பால் மட்டும் குறையாது. நடையும் சாப்பாடும் சேர்ந்தால் குறையலாம். ஆனால் தூக்கம் நன்றாக வருகிறது, ராத்திரி பத்து மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறப்பது நின்றுவிட்டது என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

மாதவிலக்கு நாட்களில் வரலாமா? கர்ப்பமாக இருந்தால்?

மாதவிலக்கில் வருவதும் வராததும் உங்கள் விருப்பம். வந்தால் ‘இன்றைக்கு மெதுவாக’ என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டாம்.

கர்ப்பிணிகள் டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்தால் வரலாம். அவர்களுக்குத் தனி நேரம். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து நெடுநேரம் படுக்க வைக்க மாட்டேன். கனத்த கர்ப்பப்பை இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய நாளத்தை அழுத்தும். இடதுபக்கம் ஒருக்களித்து, முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்துத்தான் சவாசனம், அதாவது கடைசியில் அசையாமல் படுத்து ஓய்வெடுப்பது. முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் பெண்கள் சிலர், ஆசனத்தைவிட அந்த இருபது நிமிடப் படுக்கைக்காகவே வருகிறார்கள். வரட்டும்.

ஓம் சொல்ல வேண்டுமா? நாங்கள் வேறு மதம்.

கட்டாயம் இல்லை. வகுப்பை நான் மௌனத்தோடு தொடங்குகிறேன். கடைசியில் ‘ம்ம்’ என்று உதடு மூடி முனகும் பயிற்சி ஒன்று உண்டு. வெளிமூச்சு நீள்வதற்கு அதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. விரும்புகிறவர்கள் அந்த இடத்தில் ஓம் சொல்கிறார்கள். ஒருவர் ஆமென் சொல்கிறார் என்று நினைக்கிறேன், நான் உற்றுக் கேட்டதில்லை. ரம்ஜான் மாதத்தில் நோன்பிருப்பவர்களுக்குப் படுத்தும் உட்கார்ந்தும் செய்கிறவை மட்டும்.

கையால் தொட்டுத் திருத்துவீர்களா?

கேட்டுவிட்டுத்தான். அதுவும் அபூர்வமாக.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த புதிதில், உட்கார்ந்து காலை நீட்டிக் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் இருந்த ஒருவரின் முதுகில் கை வைத்து மெதுவாக அழுத்தினேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ‘இன்னும் போகும், இன்னும் போகும்.’ போகவில்லை. பின்தொடைத் தசைநார் உட்காரும் எலும்போடு சேரும் இடத்தில் சுளுக்கிவிட்டது. ஐந்து மாதம் அவரால் பைக்கில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. அவர் ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதற்குப் பிறகு யாரையும் அழுத்தியதில்லை. இப்போது வாயால் சொல்கிறேன், புரியாவிட்டால் நானே செய்து காட்டுகிறேன், அதற்கும் வராவிட்டால் சுவரையோ மடித்த துண்டையோ கொடுக்கிறேன்.

சவாசனத்தில் தூங்கிவிடுகிறேன். குறட்டை வேறு.

தூங்குங்கள். ஆறு மணி வகுப்புக்கு நாலரைக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு வருகிறவர்கள் தூங்காமல் என்ன செய்வார்கள்? குறட்டை பலமானால் பக்கத்தில் போய்க் கால் பெருவிரலைத் தொடுவேன் (இதற்கு மட்டும் முன்கூட்டியே எல்லோரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன்). கீழ்வீட்டுக் குக்கர் விசிலும், ஆடி மாதத்தில் தெருமுனை ஒலிபெருக்கியும் இருக்கத்தான் செய்யும். ஜன்னலை மூடினால் வேர்க்கும். ஏசி போடுவதில்லை.

எந்தப் பாய் வாங்கலாம்?

முதல் மாதம் எதுவும் வாங்காதீர்கள், இங்கேயே பாய் இருக்கிறது. பிறகு வாங்கினால் 4 அல்லது 6 மில்லிமீட்டர் கனம் போதும். அதைவிடத் தடித்தால் ஒற்றைக்காலில் நிற்கும்போது மெத்தைமேல் நிற்கிற மாதிரி ஆடும். முட்டி உறுத்தினால் துண்டை மடித்து வையுங்கள்.

கோரைப்பாய் டைல்ஸில் வழுக்கும், நின்று செய்வதற்கு ஆகாது. படுப்பதற்கு அதைப்போல் வராது. பத்தமடைப் பாய் எல்லோருக்கும் தெரியும். ரிஷிகேஷில் ஆசிரமம் வைத்து உலகமெங்கும் யோகாவைப் பரப்பிய சுவாமி சிவானந்தர் பிறந்ததும் அதே திருநெல்வேலிப் பத்தமடையில்தான், 1887இல். எங்கள் அலமாரியில் இருக்கும் இரண்டு பவானி ஜமுக்காளங்கள் சவாசனத்துக்கு. யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு.

கட்டணம்? வராத நாளுக்குக் கழிவு உண்டா?

வாரம் மூன்று வகுப்பு, மாதம் 1,500 ரூபாய். வராத வகுப்பை அதே மாதத்தில் வேறு நேரத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம். அடுத்த மாதத்துக்குத் தள்ள முடியாது, எட்டுப் பேர் கணக்கு குழம்பிவிடும். முழுப் பணம் கட்ட முடியாதவர்கள் தனியாகச் சொல்லுங்கள், ஒரு வகுப்பில் ஓர் இடம் அதற்கென்றே இருக்கிறது.

நானும் ஆசிரியராக வேண்டும். எந்தச் சான்றிதழ் வாங்கலாம்?

எதற்காகச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டில் வேலை என்றால் அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் பதிவு செய்யும் 200 மணி நேரப் படிப்பைக் கேட்பார்கள். இங்கே ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் இருக்கிறது, படிப்படியாக நிலைகள் வைத்துத் தேர்வு நடத்துகிறது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் யோகாவுக்குப் பட்டயமும் முதுகலையும் உண்டு. மருத்துவமாகவே படிக்க விரும்பினால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் இயற்கை மற்றும் யோகா மருத்துவப் பட்டப்படிப்பு, ஐந்தரை வருடம். அரசுக் கல்லூரி அரும்பாக்கத்தில் இருக்கிறது.

ஒரே மாதத்தில் 200 மணி நேரத்தை அடைத்துக் கொடுக்கும் இடங்களைப் பற்றி என் கருத்து: ஆசனம் வரும், ஆளைப் பார்க்க வராது. ஒரு வருடம் யாராவது ஒருவருடைய வகுப்பில் பின்னால் உட்கார்ந்து வெறுமனே பாருங்கள்.

அப்புறம் வாய். ஆசிரியருக்கு உடம்பைவிட வாய்தான் அதிகம் உழைக்கிறது. ‘மூச்சை நன்றாக இழுங்கள்’ என்றேன் ஆரம்பத்தில். எட்டுப் பேரும் மூக்கு உறிஞ்சுகிற சத்தத்தோடு தோளைத் தூக்கினார்கள். ‘மூச்சு உள்ளே வரட்டும்’ என்று மாற்றினேன். சத்தம் நின்றது, தோள் இறங்கியது. ‘ரிலாக்ஸ் பண்ணுங்கள்’ என்றால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரிவதில்லை. ‘கையைப் பாயிலேயே போட்டுவிடுங்கள்’ என்றால் போட்டுவிடுகிறார்கள். ‘வலது கால்’ என்று சொல்லிவிட்டு எதிரே நிற்கும் நீங்களும் வலது காலை நீட்டினால் பாதிப் பேர் குழம்புவார்கள். கண்ணாடி மாதிரி நீங்கள் இடதை நீட்ட வேண்டும், வாயில் மட்டும் வலது என்று வர வேண்டும். இதற்கு எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. இன்றும் களைப்பாக இருக்கும் மாலைகளில் உளறுவேன்.

இதில் சம்பாதிக்க முடியுமா?

சொந்த மாடி இருப்பதால் எனக்கு முடிகிறது. வாடகை கொடுத்திருந்தால் எட்டுப் பேர் என்ற கொள்கை எத்தனை மாதம் தாங்கியிருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் குடியிருப்பின் பொது ஹாலையோ, சாயங்காலம் காலியாக இருக்கும் பாட்டு டீச்சர் வீட்டுக் கூடத்தையோ மணிக் கணக்கில் கேட்டுப் பாருங்கள். மின்விசிறி எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்று பார்க்க மறக்காதீர்கள். ஆறடி ஆள் கையைத் தூக்குவார்.

வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. தாண்டினாலும், யோகா மையங்களுக்கு 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். என் மாதிரி ஆட்களுக்கு இரண்டுமே வெறும் தகவல்.

ஆன்லைனில் எடுப்பீர்களா?

ஏற்கெனவே இங்கே ஆறு மாதமாவது வந்தவர்களுக்கு மட்டும். மகன் வீட்டுக்கு டல்லாஸ் போயிருக்கிற பெரியவர் ஒருவர் அங்கிருந்தே சேர்ந்துகொள்கிறார், நமக்குக் காலை, அவருக்கு முந்தின நாள் சாயங்காலம். அவர் தோள் எங்கே ஏறும் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். முன்பின் பார்க்காத ஒருவரின் மூச்சைச் சின்னத் திரையில் என்னால் பார்க்க முடியவில்லை.

முதல் நாள் எப்படி வர வேண்டும்?

சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். காபி பரவாயில்லை, முக்கால் மணி முன்னால். சுடிதார், டிராக் பேன்ட் எதுவும் சரி, லுங்கி மட்டும் வேண்டாம். வேட்டியைக் கச்சமாகக் கட்டத் தெரிந்தால் அதுவும் சரி. மோதிரம், வாட்ச், போன் வீட்டில். மாத்திரைச் சீட்டை எடுத்து வாருங்கள். பத்து நிமிடம் முன்னதாக வந்தால் பேசலாம், வகுப்பு தொடங்கியபின் கதவு திறக்காது. செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே விட்டுவிடுங்கள். பழுப்பு நாய் ஒன்று படுத்திருக்கும், கடிக்காது, ஆனால் தோல் செருப்பென்றால் மேல் படியில் வைப்பது நல்லது.